1946 பைப்பர் கப்: தாளில் 712, தராசில் 770. மீதி எடை எங்கிருந்து வந்தது?

வால்சக்கரம் (கேள்வி)

வணக்கம். விமானம் பைப்பர் ஜே-3சி-65 கப், 1946 தயாரிப்பு, அமெரிக்கப் பதிவு. ஏ-65 எஞ்சின், மின்சார அமைப்பு கிடையாது. 1970-களில் பாலியஸ்டர் துணியும் பியூட்டிரேட் டோப்பும் (துணியை இறுக்கிக் காக்கும் பூச்சு) போட்டு மூடியது. பிறகு ஒருமுறை அதன் மேலேயே பாலியுரேதேன் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். கடைசி எடைத்தாளில் காலி எடை 712 பவுண்டு. அது தராசில் வந்த எண் அல்ல, பழைய எண்ணோடு கூட்டிக் கழித்து வந்தது.

இப்போது மூன்று தராசில் ஏற்றினால் இடது சக்கரம் 361, வலது 357, வாலைத் தாங்கும் ஸ்டாண்டின் எடை போக வால் 52. மொத்தம் 770. பெட்ரோல் முழுதும் வடித்தாயிற்று, ஆயில் 4 குவார்ட் உள்ளே இருக்கிறது. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து முன் சக்கர அச்சு 2.5 அங்குலம் பின்னே, வால் சக்கர அச்சு 199 அங்குலம் பின்னே.

58 பவுண்டு வித்தியாசம் நம்பும்படியாக இருக்கிறதா, இல்லை எடை போட்டதில் பிழையா? உண்மை என்றால் எதைக் குறைக்கலாம்?

ரசமட்டம்

முதலில் ஆயில். இந்தக் காலத்து விமானங்களின் காலி எடையில் ஆயிலும் சேர்த்தி. கப் மாதிரிப் பழைய விமானங்களின் தாளில் சேராது. 4 குவார்ட் என்றால் ஒரு அமெரிக்கக் கேலன், 7.5 பவுண்டு. ஆக 712-ஓடு ஒப்பிட வேண்டிய எண் 762.5. உண்மையான வித்தியாசம் 50 பவுண்டுதான். புதுத் தாளில் "ஆயில் உட்பட" அல்லது "ஆயில் நீங்கலாக" என்று கட்டாயம் எழுதுங்கள். எழுதாமல் விட்டால் அடுத்து கணக்குப் போடுபவர் அந்த 7.5-ஐ மறுபடி கூட்டுவார், அல்லது ஒரேயடியாக விட்டுவிடுவார்.

அடுத்து எடை போட்ட விதம். ஹேங்கர் கதவு மூடியிருந்ததா? இறக்கை மேல் லேசான காற்று பட்டாலே தராசு முள் நிற்காது. பிரேக் பிடித்தபடி இருந்தால் சக்கரம் தராசைப் பக்கவாட்டில் தள்ளும், எண் பொய்யாகும். வாலைத் தூக்கி மட்டத்துக்குக் கொண்டுவந்தபின் ரசமட்டம் வைத்துப் பார்த்தீர்களா? மட்டம் பார்க்கும் இடம் எது என்று வகைச் சான்றிதழ் ஏ-691-இல் இருக்கிறது. முன்விளிம்பிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் குறியிட்டு, அங்கிருந்து அச்சு மையம்வரை அளக்க வேண்டும். பழைய தாளில் இருக்கும் அளவை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். டயரையோ வால் ஸ்பிரிங்கையோ மாற்றியிருந்தால் அச்சு நகர்ந்திருக்கும்.

உங்கள் எண்ணுக்கு மொமென்ட் (எடை × முன்விளிம்பிலிருந்து தூரம்): 718 × 2.5 = 1,795. வால் 52 × 199 = 10,348. கூட்டி 770-ஆல் வகுத்தால் சி.ஜி. (எடை மையம்) முன்விளிம்பிலிருந்து 15.77 அங்குலம். வால் தராசில் ஒரே ஒரு பவுண்டு பிசகினாலும் சி.ஜி. கால் அங்குலம் நகரும். அதனால் அந்தத் தராசை மட்டுமாவது, எடை தெரிந்த இரும்புக்கட்டி வைத்துச் சரிபாருங்கள். விமானத்தை இறக்கி மறுபடி ஏற்றி மூன்று முறை எடுங்கள். மூன்றும் ஒத்துவந்தால் எழுதலாம்.

டோப்_வாசனை

50 பவுண்டு நம்பக்கூடிய எண்தான். துணி போர்த்திய விமானத்தில் முதலில் பெயின்டைச் சந்தேகப்பட வேண்டும். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். கப் இறக்கையின் பரப்பு 178.5 சதுர அடி. மேலும் கீழும் சேர்த்து அதைப் போல இரு மடங்கு, உடலும் வால் பகுதியும் கூட்டினால் ஏறத்தாழ 600 சதுர அடி, அதாவது 55 சதுர மீட்டர். அதன்மேல் 25 மைக்ரான் காய்ந்த படலம் இருந்தால் கன அளவு 1.4 லிட்டர். லிட்டருக்கு 1.3 கிலோ வைத்தாலும் 1.8 கிலோ, அதாவது 4 பவுண்டு. துணியின் நெசவு தெரியக் கூடாது என்று டோப்பைக் கட்டி, உப்புத்தாள் போட்டு, மறுபடி கட்டினால் 25 மைக்ரான் நாலைந்து மடங்காகிவிடும். அதன் மேல் உங்களுடைய பாலியுரேதேன். பளபளப்பு ஒவ்வொன்றுக்கும் எடையில் விலை உண்டு.

டோப்பில் வெடிப்பு கண்டதும் ரெஜுவனேட்டர் (பழைய டோப்பை இளக்கும் திரவம்) அடித்து, மேலே இன்னும் இரண்டு கோட்டிங் கொடுப்பது இன்னொரு வழக்கம். பழையது எதுவும் கழிவதில்லை, புதியது சேர்ந்துகொண்டே போகும்.

பெயின்ட் எவ்வளவு தடிமன் என்று பார்க்க வேண்டுமென்றால், எப்படியும் கழற்றப்போகிற இன்ஸ்பெக்ஷன் மூடியின் ஓரத்தைப் பாருங்கள். வெட்டு விளிம்பில் வெள்ளி நிற டோப், மஞ்சள், அதன் மேல் இன்னொரு மஞ்சள் என்று மரத்தின் வளையம் மாதிரி அடுக்கு தெரியும்.

ஏஎம்இ_கோவை

பெயின்ட் போக மீதியைச் சிறுசிறு துண்டுகளாகத் தேட வேண்டும். 5,000 பவுண்டுக்குக் குறைந்த காலி எடையுள்ள விமானத்தில் 1 பவுண்டோ அதற்குள்ளோ வரும் மாற்றத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்கிறது அமெரிக்க விமானத்துறை அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் ஏசி 43.13-1பி என்ற வழிகாட்டி. தனியார் பயன்பாட்டு விமானத்தை இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை எடை போட்டாக வேண்டும் என்ற கட்டாயமும் அங்கே இல்லை. முக்கால் பவுண்டு பிராக்கெட், அரை பவுண்டு வயர், ஒரு கூடுதல் குஷன் என எதுவுமே தாளுக்கு வராது. எழுபது எண்பது ஆண்டு இப்படி ஓடினால் பத்துப் பதினைந்து பவுண்டு சேருவதில் ஆச்சரியமில்லை.

பழைய ஏ-691 ஸ்பெசிஃபிகேஷனில் உபகரணப் பட்டியல் ஒவ்வொன்றின் எடையோடும் தூரத்தோடும் இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு மூக்கிலிருந்து வால்வரை நடந்து ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள். பார்க்க வேண்டிய இடங்கள்:

ப்ரொப்பெல்லர். மரத்தை எடுத்துவிட்டு அலுமினியம் போட்டால் சுமார் 10 பவுண்டு கூடும், அதுவும் மூக்கு நுனியில். சக்கரம், டயர், பிரேக்: தொழிற்சாலையிலிருந்து வந்தது 8.00-4 டயர். அதற்குப் பதில் 6 அங்குல வீலும் டிஸ்க் பிரேக்கும் இருந்தால் அதையும் எடை போடுங்கள். இ.எல்.டி. (விபத்தில் இடத்தைக் காட்டும் ரேடியோ) கருவி சில பவுண்டுதான், ஆனால் பின்னால் மாட்டுவதால் மொமென்ட் பெரிது. சீட்டில் புது ஃபோம், தரையில் தடித்த பிளைவுட், கழற்றிய ரேடியோவின் பின்னால் அப்படியே விட்டுப்போன ஆன்டெனா கேபிள்.

பிறகு வால் பக்கம், கீழ்க் குழாய்கள் டெயில் போஸ்ட்டில் (வால் நுனியின் நிமிர்ந்த குழாயில்) சேரும் மூலை. மண், காய்ந்த புல், எலிக்கூடு எல்லாம் தங்குவது அங்கேதான். எலிச் சிறுநீர் இரும்புக் குழாயை அரிக்கும் என்பதால் எடைக்காக இல்லாவிட்டாலும் அதைத் திறந்து பார்த்தே ஆகவேண்டும். துணியின் அடியில் இருக்கும் வடிகால் ஓட்டைகளைப் பெயின்ட் அடைத்திருந்தால் உள்ளே தண்ணீரும் நிற்கும். ஓட்டையில் மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள். கழுவிய மறுநாளே எடை போடாதீர்கள், நன்றாகக் காயட்டும்.

வால்சக்கரம்

நன்றி. உலோக ப்ரொப்பெல்லர்தான் இருக்கிறது, தாளில் அந்தப் பதிவே இல்லை. வால் மூலையை இன்னும் திறக்கவில்லை. 712 என்ற எண் அடிப்படையிலேயே தப்பாக இருந்திருக்குமா?

ரசமட்டம்

இருக்கலாம். தொழிற்சாலை எண் எல்லா விமானத்துக்கும் தனித்தனியாக எடை போட்டு எழுதியது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சிலவற்றை எடை போட்டு சராசரியை மற்றவற்றுக்கு எழுதும் வழக்கமும் இருந்தது. விளம்பரத் தாளில் வரும் 680 எந்த உபகரணமும் சேராத எண். உங்கள் எடைத்தாள் சங்கிலியைப் பின்னோக்கிப் பிடித்துப் போய், "தராசில் எடுத்தது" என்று எழுதிய கடைசித் தாள் எது என்று பாருங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால் 712-ஐ மறந்துவிட்டு 770-இலிருந்து புதிதாகத் தொடங்குங்கள்.

இதற்கும் மொத்த எடை வரம்புக்கும் சம்பந்தமில்லை, 1,220 பவுண்டு அப்படியே நிற்கும். 1,220-இல் 770-ஐயும், 12 கேலன் பெட்ரோலின் 72-ஐயும் கழித்தால் 378. இரண்டு பேருக்கு ஆளுக்கு 189. பழைய தாளின்படி ஆயிலையும் கழித்து 428 கிடைத்திருக்கும். அதை நம்பி ஏற்றியவர்கள் ஒவ்வொரு முறையும் 50 பவுண்டு வரம்பு மீறியிருப்பார்கள். எடை 10 சதவீதம் கூடினால் புறப்படும் தூரம் 20 சதவீதம் கூடும் என்பது பழகிய விதி. 65 குதிரைத்திறனில், வெயில் நாளில், புல்தரை ஓடுபாதையில் அது மரத்தைத் தாண்டுவதா இல்லையா என்ற விஷயம்.

டோப்_வாசனை

குறைப்பது பற்றி. பழைய பெயின்டை மட்டும் துணியிலிருந்து உரித்தெடுக்க முயல வேண்டாம், ரசாயனம் டோப்பையும் சேர்த்துக் கரைக்கும். உண்மையான குறைப்பு அடுத்த முறை துணி மாற்றும்போதுதான். அப்போது வெட்டி எடுத்த பழைய துணியை இறக்கை வாரியாகச் சுருட்டி, ஸ்பிரிங் தராசில் தொங்கவிட்டு எழுதி வையுங்கள். பழைய மூடுதல் எவ்வளவு கனம் என்பதற்கு அதைவிட நேரடியான சான்று கிடையாது. புது வேலையில் துணி ஒட்டியபின், வெள்ளி அடித்தபின், கலர் அடித்தபின் என மூன்று கட்டத்திலும் அதே இறக்கையை எடை போடுங்கள். எந்தக் கட்டத்தில் கை நீளுகிறது என்று உடனே தெரியும்.

மெல்லிய துணிக்குப் போனால் பெரிதாகக் குறையும் என்று சிலர் நினைக்கிறார்கள். சதுர கஜத்துக்கு ஒரு அவுன்ஸ் குறைந்தால் கப் முழுவதற்கும் சுமார் 4 பவுண்டுதான். ஒரு கலர் கோட்டிங்கை விட்டாலே அவ்வளவு மிஞ்சும். ஒரு நிறுவனத்தின் துணியையும் இன்னொன்றின் கெமிக்கலையும் கலக்கவும் கூடாது. அனுமதி முழு முறைக்கும் சேர்த்துத்தான்.

வாலில் குறிப்பாகக் கஞ்சத்தனம் காட்டுங்கள். அங்கே 5 பவுண்டு கூடினால் உங்கள் சி.ஜி. 1.2 அங்குலம் பின்னே போகும். கப்பின் பெட்ரோல் டேங்க் முன்னால் இருப்பதால், பறக்கப் பறக்க சி.ஜி. எப்படியும் பின்னோக்கித்தான் நகரும்.

ஏஎம்இ_கோவை

ஒரு எச்சரிக்கை மட்டும். எடை குறைக்கும் ஆவலில் உலோக ப்ரொப்பெல்லரை உடனே மரத்துக்கு மாற்றிவிடாதீர்கள். மூக்கில் 10 பவுண்டு குறைந்தால் சி.ஜி. இன்னும் பின்னே போகும். முதலில் வால் மூலையைத் திறந்து சுத்தம் செய்து, இ.எல்.டி.யின் இடத்தைப் பார்த்து, மறுபடி எடை போடுங்கள். பிறகு பெட்ரோல் ஏறக்குறையத் தீர்ந்த நிலையில், கனமான ஒருவர் பின் சீட்டில் தனியாக இருப்பதாக வைத்துக் கணக்குப் போட்டு, சி.ஜி.யின் பின் எல்லைக்குள் வருகிறதா என்று பார்த்தபின் ப்ரொப்பெல்லரைத் தொடலாம்.