அத்தைக்கு பாங்காக் பூச்சந்தையிலிருந்து

குழு: தோவாளை வீடு
ஜனவரி, அதிகாலை 3:05

மீனா: அத்தை, எழுந்துவிட்டீர்களா? இங்கே பாங்காக்கில் மணி நாலரை. பூச்சந்தைக்கு வந்திருக்கிறோம். இந்நேரம் நம் வீட்டில் விழித்திருப்பது நீங்களும் மாமாவும்தான் என்று தெரியும், அதனால்தான் உடனே அனுப்புகிறேன்.

மீனா: [படம்] [படம்] [படம்]

மாமா: விழித்துத்தான் இருக்கிறோம். நான் பூக்கடைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன். இது எந்த இடம்?

மீனா: பாக் க்லோங் தலாத். கால்வாய் முகத்துச் சந்தை என்று பொருள். சாவ் பிரயா ஆற்றங்கரை. அந்தக் காலத்தில் படகுச் சந்தையாக இருந்து, மீன் சந்தையாகி, பிறகு காய்கறி வந்து, கடைசியில்தான் பூ வந்திருக்கிறது. பகலிலும் கடை உண்டு. ஆனால் நள்ளிரவு தாண்டி விடிகிற வரைதான் மொத்த வியாபாரம். பக்கத்திலேயே சனாம் சாய் மெட்ரோ நிலையம், ஆனால் இந்நேரத்துக்கு ரயில் கிடையாது, டாக்சியில் வந்தோம்.

அத்தை (குரல் பதிவு): மக்களே, முதல் படத்தில் மஞ்சளாகக் குவித்திருப்பது கிரேந்திதானே, அந்தச் செண்டுமல்லி? எல்லாம் ஒரே அளவாக இருக்கிறதே!

மீனா: கிரேந்தியேதான் அத்தை. அளவு பார்த்துப் பிரித்துப் பை பையாக அடுக்கிவிடுகிறார்கள். பெரிய பூ ஒரு பை, சின்னது ஒரு பை. இங்கே அதற்கு தாவ் ருவாங் என்று பேர். தாவ் என்றால் நட்சத்திரம்.

மாமா: பிரித்து வைத்தால் வாங்குகிறவனுக்கும் நல்லது, விற்கிறவனுக்கும் நல்லது. நம்மிடம் பெரியதும் சிறியதும் ஒரே சாக்கில் வருகிறது. மல்லி என்ன விலை?

மீனா: ஏறியிருக்கிறதாம் மாமா. குளிர் மாதங்களில் வரத்து குறைந்துவிடும் என்று விடுதிக்காரம்மா சொன்னார். மொட்டாகவே பறித்து, ஐஸ் போட்ட பெட்டியில் வைத்திருக்கிறார்கள். அப்புறம் ஆகஸ்ட் 12 இவர்களுக்கு அன்னையர் தினம். அம்மாவுக்கு மல்லி கொடுப்பது வழக்கம், அதனால் அந்த வாரமும் விலை எகிறுமாம்.

மாமா: பனி விழுந்தால் இங்கேயும் அதே கதைதான். முகூர்த்த நாள் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். சரி, நான் கிளம்புகிறேன். நீ அத்தையிடம் பேசு.

மீனா: அத்தை, வாடாமல்லியும் கூடை கூடையாக இருக்கிறது. அதற்கு இவர்கள் வைத்திருக்கும் பேரைக் கேட்டதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. பான் மாய் ரூ ரோய். ‘மலரும், வாடத் தெரியாது’ என்று அர்த்தம்!

அத்தை (குரல் பதிவு): அட! வாடாமல்லி என்றுதானே நாமும் சொல்கிறோம். பூவைக் கையால் தொட்டவர்கள்தான் இந்தப் பேரை வைத்திருக்க வேண்டும். சரி, மூன்றாவது படத்தில் மாலைக்குக் கீழே வெள்ளையாகத் தொங்குகிறதே, அது என்ன பூ? எனக்கு எருக்கு மாதிரித் தெரிகிறது.

மீனா: எருக்கேதான் அத்தை! இதழை எல்லாம் கிள்ளிவிட்டு, நடுவில் இருக்கும் கிரீடத்தை மட்டும் கோக்கிறார்கள். இங்கே இதற்கு ராக் என்று பேர். ராக் என்றால் அவர்கள் பேச்சில் அன்பு, காதல். அதனால் கல்யாண மாலையில் கட்டாயம் எருக்கு வேண்டும்.

சித்தி: எருக்கம்பூ கல்யாணத்துக்கா? நாம் பிள்ளையாருக்குத் தவிர வேறு எதற்கும் எடுக்க மாட்டோமே.

அத்தை (குரல் பதிவு): எடுத்தால் என்ன? அந்தக் கிரீடத்தை உற்றுப் பார்த்திருக்கிறாயா? மெழுகில் செய்த மாதிரி இருக்கும், அவ்வளவு சீக்கிரம் வாடாது. பறிக்கும்போது மட்டும் பால் கண்ணில் படக் கூடாது. நான் எத்தனை வருஷம் பிள்ளையார் சதுர்த்திக்குக் கட்டியிருக்கிறேன், கிரீடத்தைத் தனியாக எடுக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அப்பா: நானும் எழுந்துவிட்டேன். மீனா, தாமரை உண்டா?

மீனா: உண்டு அப்பா, மொட்டுகளைக் கட்டுக் கட்டாக வைத்திருக்கிறார்கள். வாங்கியதும் வெளி இதழ் ஒவ்வொன்றையும் உள்பக்கமாக மடித்துவிடுகிறார்கள். மடிக்க மடிக்க அந்த மொட்டே வேறு பூ மாதிரி ஆகிவிடுகிறது. புத்தருக்கு வைக்க. வாங்கினால் முகர்ந்து பார்க்கக் கூடாதாம்.

அத்தை (குரல் பதிவு): சாமிக்குப் போகிற பூவை யார் முகர்வார்கள்? என் அம்மா கட்டும்போது மூச்சுக்கூடப் படாமல் முகத்தைத் திருப்பி வைத்துக்கொள்வாள். தலைக்குப் பூ இல்லையா அங்கே?

மீனா: தலையில் வைத்து ஒருவரையும் பார்க்கவில்லை அத்தை. மாலை புத்தருக்கு, சாமி மரத்துக்கு, பெரியவர்கள் கைக்கு. நாங்கள் வந்த டாக்சியில்கூடக் கண்ணாடியில் ஒன்று தொங்கியது. வண்டிக்கு ஒரு காவல் தெய்வம் இருக்கிறாளாம், அவளுக்கு. ரோஜா தாக் மாகாணத்திலிருந்து வருகிறது, ஆர்க்கிட் நாகோன் பாத்தோமிலிருந்து. கூடைகளை அடுக்கிய தள்ளுவண்டிகள் வந்துகொண்டே இருக்கின்றன, ஒதுங்கி ஒதுங்கித்தான் நடக்க வேண்டும்.

அத்தை (குரல் பதிவு): அதெல்லாம் இருக்கட்டும். கட்டுகிறவர்களைக் காட்டு. நாரைக் காணோமே, எப்படிக் கட்டுகிறார்கள்?

மீனா: [காணொளி 1:40]

மீனா: நாரும் இல்லை, முடிச்சும் இல்லை அத்தை. ஊசிதான். ஒரு சாணுக்கு மேலே நீளம், ஒரு முழத்துக்குள் அடங்கும். முதலில் வட்டமாக வெட்டிய ஒரு இலைத்துண்டைக் கோக்கிறார்கள், பூ நழுவாமல் இருக்க. பிறகு ஒவ்வொரு மொட்டாகக் காம்புப் பக்கம் குத்தி, ஊசியைச் சுற்றி வட்டமாக வரிசை வைக்கிறார்கள். அடுத்த வரிசை, முந்தைய வரிசையின் இடைவெளியில். ரோஜா இதழை மடித்து நடுவில் ஒரு வளையம். ஊசி நிறைந்ததும் வாஸ்லின் தடவி, அப்படியே நூலுக்கு வழுக்கிவிடுகிறார்கள். ஒரு பூக்கூடக் கசங்கவில்லை.

அத்தை (குரல் பதிவு): இரு, மறுபடி பார்க்கிறேன்.

3:31

அத்தை (குரல் பதிவு): மூன்று தரம் பார்த்துவிட்டேன். நம் மாணிக்கமாலை பட்டையாக வரும். அரளியையும் நொச்சி இலையையும் மடித்து மடித்து வைத்து, பாய் முடைந்த மாதிரி. திருவனந்தபுரம் பத்மநாப சுவாமிக்குப் போகிற மாலையில் ஒரு மடிப்புப் பிசகினாலும் தெரிந்துவிடும். இது கயிறு மாதிரி உருண்டையாக வருகிறது. அந்தப் பெண்ணின் இடது கையைக் கவனித்தாயா? ஊசியைச் சும்மா தாங்கித்தான் இருக்கிறது. இழுக்கவும் இல்லை, இறுக்கவும் இல்லை.

மீனா: நான் அதைக் கவனிக்கவில்லை அத்தை.

அத்தை (குரல் பதிவு): அந்த ஊசி விலைக்குக் கிடைக்குமா?

அப்பா: ஊசியா? எதற்கம்மா?

அத்தை (குரல் பதிவு): நாரை இழுத்து முடிச்சுப் போட விரல் மடங்கவில்லை அண்ணா. இரண்டு வருஷமாகிறது. இதில் முடிச்சே இல்லையே. குத்தி வைப்பதற்கு என் விரல் போதும்.

மீனா: அத்தை, இருங்கள். இப்போதே கேட்கிறேன்.

4:02

மீனா: கிடைத்துவிட்டது! கட்டுகிற அக்காவிடமே சைகையில் கேட்டேன், பக்கத்துக் கடைக்குக் கூட்டிப்போனார். நீளம் ஒன்று, சற்றுக் குட்டை ஒன்று. நூலும் வாங்கிவிட்டேன். அவர் கட்டிய சின்ன மாலை ஒன்றும் 20 பாட் (இங்கத்துப் பணம்) கொடுத்து வாங்கினேன். விடிந்ததும் சீலோம் மாரியம்மன் கோயிலில் உங்கள் பேரைச் சொல்லிச் சாத்தப் போகிறேன். போன நூற்றாண்டுக்கும் முன்னால் இங்கே வந்த நம் தமிழர்கள் கட்டிய கோயில் அது. தாய்லாந்துக்காரர்களும் மாலையோடு வருவார்களாம்.

சித்தி: கைப்பையில் வைக்காதே மீனா, விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். பெரிய பெட்டிக்குள் போடு.

மீனா: சரி சித்தி.

அத்தை (குரல் பதிவு): ஊசி நுனியில் ஒரு தக்கையைச் செருகு, துணியைக் கிழித்துவிடும். குட்டை ஊசி கனமாக இருக்கிறதா? வளைகிறதா?

மீனா: கனமே இல்லை. வளையவும் இல்லை அத்தை.

அத்தை (குரல் பதிவு): அப்போ குட்டையில் தொடங்குகிறேன். குளத்தங்கரையில் எருக்கு நிறைய நிற்கிறது. நீ வருகிற அன்றைக்குக் காலையில் பறித்து வைக்கச் சொல்கிறேன், கிரீடத்தை எப்படிக் கிள்ளுவது என்று நீதான் காட்ட வேண்டும்.