இருட்டில் ஒளிரும் மிட்டாய்க் கவர் தீப்பிடிக்குமா?

மொத்தக்கடை_முத்து:

பிறந்தநாள் ரிட்டர்ன் கிஃப்ட்டுக்கு என்று ஒளிரும் மிட்டாயில் மூன்று வகை சாம்பிள் வந்திருக்கிறது. ஒன்று, வெள்ளி நிறப் பவுச். மேலே அச்சடித்த நட்சத்திரங்கள் மட்டும் இருட்டில் பச்சையாக ஒளிர்கின்றன. இரண்டாவது, பிடியை வளைத்து 'டக்'கென்று உடைத்தால் ஒளிரும் குச்சி மிட்டாய். மூன்றாவது, பிடிக்குள் பட்டன் செல்லும் குட்டி எல்இடியும் வைத்த குச்சி மிட்டாய்.

சரக்கு வைக்கும் அறைக்குத் தகரக் கூரை. சித்திரையில் உள்ளே நிற்க முடியாது. அதே அறையில் கற்பூரம், ஊதுபத்தி, தீப்பெட்டிப் பண்டல் எல்லாம் இருக்கின்றன. "அதில் பாஸ்பரஸ் இருக்கும், வெயிலுக்குத் தானாகவே பற்றிக்கொள்ளும்" என்கிறார் பக்கத்துக் கடைக்காரர். வகைக்கு 500 எடுக்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

ஸ்கிரீன்_மை:

பாஸ்பரஸ் பயத்தை இறக்கி வைத்துவிடுங்கள். ஒளிரும் பொடிக்கு வியாபாரத்தில் 'பாஸ்பர்' என்று பெயர். அந்தப் பெயர்க் குழப்பம்தான் இது. வெள்ளைப் பாஸ்பரஸ் முற்றிலும் வேறு; ஈரக் காற்றில் 30 டிகிரி வாக்கிலேயே பற்றும், கொடிய விஷமும்கூட. தீப்பெட்டியிலேயே அது கூடாது என்று இந்தியாவில் 1913-ல் சட்டம் வந்தாயிற்று. (வண்டியில் ஒட்டுகிற 'ரேடியம்' ஸ்டிக்கரும் இப்படித்தான். அதில் ரேடியமும் கிடையாது, அது தானாக ஒளிர்வதும் கிடையாது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.)

பவுச்சில் இருக்கும் பொடி இரண்டில் ஒன்று. மலிவானது, செம்பு சேர்த்த துத்தநாக சல்பைடு: மங்கலாக ஒளிர்ந்து கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். மணிக்கணக்கில் நிற்பது, யூரோப்பியமும் டிஸ்ப்ரோசியமும் சேர்த்த ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட். 1990-களில் ஜப்பானில் உருவானது. ஆயிரம் டிகிரிக்கு மேல் சூளையில் சுட்டு எடுக்கிற ஆக்சைடு. செங்கல்லைப் போல, அதில் எரிய மிச்சம் எதுவும் இல்லை. வெளிச்சத்திலுள்ள நீலத்தையும் புற ஊதாவையும் வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாக விடுகிறது. ஒளிரும்போது சூடு வராது.

எரியக்கூடியது பிலிமும், பொடியைப் பிடித்து வைத்திருக்கும் பிசினும்தான். நீங்கள் ஏற்கெனவே விற்கிற சிப்ஸ், பிஸ்கட் கவரெல்லாம் இதே பிலிம் வகைதான். அந்தப் பிலிமின் பிளாஸ்டிக்கான பாலிபுரொப்பிலீன் 165 டிகிரி வாக்கில் உருகும். தானாகப் பற்றுவதற்கு 350 டிகிரியைத் தாண்ட வேண்டும். தகர ஷெட் எவ்வளவு கொதித்தாலும் 60, 65. மிட்டாய் உருகி ஒட்டிக்கொள்ளுமே தவிர, கவர் பற்றாது.

ஆனால் ஒளிரும் அச்சில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. சாதாரண கிரேவியர் (உருளை) அச்சில் மை இரண்டு மூன்று மைக்ரான்தான் ஏறும் (ஆயிரம் மைக்ரான் ஒரு மி.மீ.). நன்றாக ஒளிரும் பொடியின் குருணையே 20 மைக்ரானுக்கு மேல். அரைத்துச் சன்னமாக்கினால் ஒளி செத்துவிடும். அதனால் ஸ்கிரீன் அச்சில் கனமாக, 100 மைக்ரான் அளவுக்கு ஏற்றுவார்கள். அவ்வளவு கனம் வரும்போது பிசின் எது என்பது முக்கியமாகிவிடுகிறது. அக்ரிலிக், பாலியூரித்தேன் என்றால் பரவாயில்லை. 'என்.சி.' என்று சொன்னால் வேண்டாம். அது நைட்ரோசெல்லுலோஸ், பழைய சினிமா பிலிம் குபீரென்று எரிந்ததே, அந்தச் சாதி. மெல்லிய அச்சில் அது பெரிய விஷயமில்லை. கனமான பூச்சில் கூடாது.

சப்ளையர் சொல்வதை நம்பாமல் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கவரில் நட்சத்திரம் உள்ள இடத்தில் 2 செ.மீ. அகலம், 10 செ.மீ. நீளத்துக்கு ஒரு துண்டு. அச்சில்லாத இடத்தில் அதே அளவில் இன்னொன்று. வெளியே, காற்றில்லாத இடத்தில், தட்டில் மணல் பரப்பி, இடுக்கியால் ஒவ்வொன்றாகச் செங்குத்தாகப் பிடித்து அடி நுனியில் தீக்குச்சி காட்டுங்கள். பிலிம் சுருங்கி, உருகிச் சொட்டிக்கொண்டே எரியும். சொட்டு கையில் விழுந்தால் தோலோடு ஒட்டிக்கொள்ளும், கவனம். இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் எரிந்தால் சரி. அச்சுள்ள துண்டு மட்டும் 'புஸ்'ஸென்று மஞ்சள் சுவாலையோடு ஓடினால் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

பவுச்சை நாலு முறை கசக்கியும் பாருங்கள். கனமான பூச்சு வெடித்து உதிரும். உதிர்ந்தது மிட்டாயில் விழக் கூடாது என்பதால் அச்சு வெளிப்பக்கம் மட்டும்தான் இருக்கலாம். உணவுக் கவர் மைக்கு ஐஎஸ் 15495 தரம் உண்டு. அதற்கான சான்றைக் கேட்டு வாங்குங்கள். திறந்ததும் நெயில் பாலிஷ் வாடை அடித்தால் மை சரியாகக் காயவில்லை. அந்த வாடை மையின் கரைப்பானான எத்தில் அசிடேட்டுடையது; அது மைனஸ் 4 டிகிரியிலேயே பற்றக்கூடிய ஆவியைத் தரும். அச்சகத்துக்குத்தான் அது தீ அபாயம். உங்களுக்கு வரும்போது வாடையும் கெட்டுப்போன மிட்டாயும்தான்.

செல்லும்_வயரும்:

அண்ணே, மூணாவது வகைக்கு மட்டும் சொல்றேன். அதுலதான் நிஜமா பார்க்க வேண்டியது இருக்கு.

பிடியைக் கழற்றிப் பாருங்க. எல்ஆர்41-ங்கிற குட்டி பட்டன் செல் மூணு அடுக்கியிருந்தா 4.5 வோல்ட். வெள்ளை எல்இடிக்கு 3 வோல்ட் போதும். நடுவுல ரெசிஸ்டர் இருக்காது, செல்லோட உள்தடைதான் கரண்டைக் கட்டுப்படுத்துது. அது ஓடும். ஆனா அதே சர்க்யூட்ல பெரிய செல்லைத் திணிச்சிருந்தா எல்இடியும் பிடியும் சூடாகும். ஒரு சாம்பிளை பீங்கான் தட்டுல வச்சு அரை மணி நேரம் எரிய விட்டு, செல் இருக்கிற இடத்தைத் தொட்டுப் பாருங்க. வெதுவெதுப்பு தெரிஞ்சாலே வேண்டாம்.

சிஆர்2032 லித்தியம் செல் ஒண்ணு ஷார்ட் ஆனா ஒரு கால் ஆம்பியர் போல வரும். முக்கால் வாட்டைச் சுத்தித்தான். தனியா அது கவரைப் பற்ற வைக்காது. ஆபத்து எப்ப வருதுன்னா, உடைஞ்ச சாம்பிள்ல இருந்து எடுத்த செல்லை எல்லாம் ஒரே டப்பாவுல கொட்டி வைக்கும்போது. ஒண்ணோட விளிம்பு இன்னொண்ணோட முகத்துல பட்டு, மாத்தி மாத்தி ஷார்ட் ஆகிச் சூடேறும், லித்தியம் செல் வெடிக்கவும் செய்யும். ஒவ்வொரு செல்லுக்கும் ரெண்டு பக்கமும் செல்லோடேப் ஒட்டித்தான் ஒதுக்கணும். புதுச் சரக்குல செல்லுக்கும் தகட்டுக்கும் நடுவுல இழுத்து எடுக்கிற பிளாஸ்டிக் நாக்கு இருக்கணும். அது இல்லாத பெட்டியில பாதி வர்றப்பவே எரிஞ்சுக்கிட்டு வரும்.

தீயை விட இதுல பயப்பட வேண்டியது, புள்ளைங்க செல்லை முழுங்குறது. 20 மி.மீ. லித்தியம் செல் உணவுக்குழாய்ல சிக்கினா ரெண்டு மணி நேரத்துல அரிச்சுப் புண்ணாக்கிடும். செல் மூடிக்குத் திருகாணி இருக்கணும். நகத்தால நெம்பித் திறக்க முடிஞ்சா வாங்காதீங்க. விளையாட்டுச் சாமானுக்கு 2021 ஜனவரியில இருந்து ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், மின்சாரத்துல ஓடுறதுக்கு ஐஎஸ் 15644. "இது மிட்டாய்தானே, பொம்மை இல்லையே"ன்னு சப்ளையர் சமாளிப்பார். மிட்டாய் கரைஞ்ச பிறகும் குழந்தை கையில இருக்கப்போறது அந்தப் பிடிதான்.

தேன்குழல்:

இரண்டாவது வகை பற்றி யாரும் எழுதவில்லை. உள்ளே மெல்லிய கண்ணாடிக் குழாய். ஒரு பக்கம் நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடு, மறுபக்கம் ஆக்சலேட் எஸ்டரும் சாயமும். கண்ணாடி உடைந்து இரண்டும் கலந்தால் ஒளி. அதுவும் குளிர்ந்த ஒளிதான். கரைப்பானாகப் பயன்படும் தாலேட் எண்ணெய்க்குப் பற்றும் நிலை 150 டிகிரிக்கு மேல், பெட்ரோல் போலக் கிடையாது. தீ விஷயத்தில் அதை மறந்துவிடலாம். ஆனால் தகர ஷெட்டில் வைத்தால் பெராக்சைடு சிதைந்து, விற்கும்போது குச்சி ஒளிராது. உடைந்த கண்ணாடியும் எண்ணெயும் மிட்டாய்க்கு ஒரு சுவர் தூரத்தில் இருக்கிறது என்பதால் நானாக இருந்தால் இந்த வகையை எடுக்க மாட்டேன்.

இனி தீ எங்கிருந்து வரும் என்பது. ஒளிரும் பொருளை எப்போது பார்ப்பார்கள்? விளக்கை அணைத்த பிறகு. பிறந்தநாள் வீட்டில் விளக்கை அணைத்தால் எரிவது மெழுகுவத்தி. கேக்கைச் சுற்றி கவர்களைப் பரப்பி வைப்பது தானே நடக்கப்போகிறது? இன்னொன்று, 'சார்ஜ்' ஏற்றுகிறேன் என்று கவரைக் குண்டு பல்பின் மேலேயே போர்த்துவது. 60 வாட் பல்பின் கண்ணாடி 100 டிகிரியைத் தாண்டும். துணியோ கவரோ மூடினால் இன்னும் ஏறும். மூன்றாவது, கெட்டியான சாக்லேட்டை இளக்க பவுச்சோடு மைக்ரோவேவில் வைப்பது. வெள்ளி நிறம் என்றால் அலுமினியம் படிந்த பிலிம். சில நொடியில் பொறி பறந்து கவர் பற்றும். இரண்டாம் வகைக் குச்சியை அதில் வைத்தால் அழுத்தம் ஏறி வெடிக்கும்.

அட்டையில் ஒரு வரி ஒட்டச் சொல்லுங்கள்: "எல்இடி விளக்கில் 5 நிமிடம் காட்டவும். பல்பின் மேல், மெழுகுவத்தி அருகில், மைக்ரோவேவில் வைக்கக் கூடாது."

அப்புறம், கற்பூரத்துக்குப் பக்கத்தில் தீப்பெட்டியை வைத்துவிட்டு மிட்டாய்க் கவரைப் பற்றிக் கவலைப்படுகிறீர்களே! கற்பூர ஆவி 66 டிகிரி வாக்கிலேயே, ஒரு பொறி பட்டால் பற்றத் தயார். உங்கள் ஷெட் அந்த எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. தீப்பெட்டிப் பண்டலும் அதே அறையில். முதலில் அந்த இரண்டையும் பிரித்து வைக்க வேண்டும்.

மொத்தக்கடை_முத்து:

நன்றி. கற்பூரத்தை இன்றைக்கே முன் அறைக்கு மாற்றுகிறேன். பவுச் மட்டும் 500 எடுக்கிறேன். ஒரு சந்தேகம்: ஷோகேஸில் 35 வாட் ஹாலஜன் இருக்கிறது. அதன் கீழே வைத்தால் நாள் முழுக்க சார்ஜ் ஏறுமே, வைக்கலாமா?

ஸ்கிரீன்_மை:

வேண்டாம். ஹாலஜனில் சூடு நிறைய, நீல ஒளி குறைவு. பொடிக்கு வேண்டியது நீலம். முகப்புக் கண்ணாடி இருந்தால் புற ஊதாவும் வடிகட்டப்பட்டுவிடும். விளக்கின் மேல் மீட்டர் கணக்கில் ஒரு குறைந்தபட்ச தூரம் அச்சிட்டிருக்கும், அநேகமாக அரை மீட்டர். அதற்குள் எந்தக் கவரும் வரக் கூடாது. கிண்ணத்துக்குள் நிற மினுக்கம் தெரிகிற டைக்ரோயிக் வகை என்றால் சூட்டில் பெரும்பங்கு பின்பக்கமாகப் போகும். ஷோகேஸ் கூரைக்கு மேல் அட்டைப் பெட்டி அடுக்கியிருந்தால் அதை இறக்குங்கள். அந்த இடத்தில் 5 வாட் கூல் வொயிட் எல்இடி மாட்டினால் ஒளியும் நன்றாக ஏறும், மிட்டாயும் இளகாது. வார்ம் வொயிட் வாங்கிவிடாதீர்கள், அதில் நீலம் குறைவு.

செல்லும்_வயரும்:

ஹாலஜன் 12 வோல்ட்னா மேலே ஒரு டிரான்ஸ்பார்மர் பெட்டி இருக்கும். எல்இடி மாத்தும்போது பழைய எலக்ட்ரானிக் டிரான்ஸ்பார்மரையே விட்டா மினுக்மினுக்குன்னு துடிக்கும், ஏன்னா அதுக்குக் குறைந்தபட்சம் 20 வாட் லோடு வேணும்னு இருக்கும். எல்இடிக்குக் கரண்ட் கொடுக்கிற 'டிரைவர்' பெட்டியோட சேர்த்தே மாத்திடுங்க.