சுன்னத்து செய்துகொண்டால் எய்ட்ஸ் வராதா?

லாரிக்காரன் (சுங்கை சிப்புட்):
செம்பனைக் குலை லாரி ஓட்டுகிறேன், வயது 29. முன்தோல் இறுகி, ஓயாத எரிச்சல். டாக்டர் சுன்னத்து செய்துவிடச் சொல்கிறார். ஒட்டுக்கடையில் கூட்டாளி ஒருவன், "செஞ்சிட்டா எய்ட்ஸே வராதுடா, கவலை விட்டுச்சு" என்கிறான். நிஜமா?

பழைய டிரஸ்ஸர்:
தம்பி, தோட்டத்து ஆஸ்பத்திரியில் 31 வருடம் கட்டுப் போட்டவன் நான். உன் கூட்டாளி சொன்னதில் பாதி சரி.

முன்தோலின் உட்பக்கம் உதட்டின் உள்பக்கம் மாதிரி, ஈரமும் மென்மையுமாக இருக்கும். காற்றுப் படாத அந்த இடுக்கில் பிரிவோட்டெல்லா போன்ற பாக்டீரியாக்கள் பெருகும். பெருகினால் உடம்பு அழற்சி காட்டி, சி.டி.4 என்ற எதிர்ப்புச் செல்களை அங்கே கூப்பிடும். எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. கிருமி புகுவதே அந்தச் செல்லுக்குள்தான். திருட்டுக்குப் பயந்து நாலு ஜாகா (காவலாளி) போட்ட கதைதான். வந்தவன் ஜாகாவையே தூக்கிப் போகிறவன்!

தோலை எடுத்தால் இடம் உலரும், அந்தப் பாக்டீரியா குறையும். தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டாவில் நடந்த மூன்று சோதனைகளில், பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றுவது 50 முதல் 60 விழுக்காடு வரை குறைந்தது. அதை வைத்துத்தான் 2007-இல் உலகச் சுகாதார நிறுவனம், நோய் மிகுந்த ஆப்பிரிக்க நாடுகளுக்கு இதைப் பரிந்துரைத்தது.

குறைந்தது என்றேன், நின்றது என்று சொல்லவில்லை. நம் மலேசியாவில் ஆரம்பத்தில் இது பரவியது பெரும்பாலும் போதை ஊசியால். நான் பார்த்தவர்களில் சுன்னத்து செய்தவர்கள் எத்தனையோ பேர். ஊசிக்குத் தோல் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? ஆணுறையை விடாதே.

குளுவாங் குமார்:
நான் போன வருடம் செய்தேன். இரண்டு வாரம் கைலிதான். லாரி கிளட்சை மிதிக்கும் நினைப்பே வேண்டாம்.

லாரிக்காரன்:
நன்றி ஐயா. அப்போ மனைவிக்கும் பாதுகாப்பா?

பழைய டிரஸ்ஸர்:
நேராகக் கிடையாது. கணவனுக்கு நோய் இருந்தால் சுன்னத்து அவளைக் காப்பாற்றாது. புண் ஆறுவதற்குள் சேர்ந்தால் ஆபத்து கூடும். ஆறு வாரம் பொறு. சந்தேகம் இருந்தால் இரண்டு பேரும் அரசாங்கக் கிளினிக்கில் ரத்தம் கொடுங்கள்.

லாரிக்காரன்:
சரி ஐயா. எம்சி (மருத்துவ விடுப்பு) கேட்டாச்சு. "மதம் மாறிட்டியா" என்று பாட்டி ஒப்பாரி வைக்கும், அதனால் வீட்டில் குடலிறக்கம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.