வட்டார வார இதழுக்கு ஆறு வாரத் தற்காலிக ஆசிரியர்: எதைக் கேட்டு வாங்கிக்கொள்வது?

மேசைவாசி:
தாலுகா ஊரிலிருந்து வரும் எட்டுப் பக்க டேப்ளாய்டு வார இதழ். உரிமையாளர், வெளியீட்டாளர், ஆசிரியர் மூன்றும் ஒருவரே. அறுவை சிகிச்சைக்காக ஆறு வாரம் இருக்கமாட்டார். அதுவரை என் பொறுப்பு. நாளிதழ் டெஸ்க் வேலை தெரியும், சிறு இதழ் புதிது. அவர் கிளம்புமுன் என்னென்ன கேட்டு வாங்க வேண்டும்? இம்பிரின்டில் (வெளியீட்டாளர், ஆசிரியர், அச்சகம் பெயர்கள் வரும் குறிப்பில்) என் பெயர் வர வேண்டுமா?

வட்டச்செய்தி:
இம்பிரின்டைத் தொடாதீர்கள். பதிவில் உள்ளதும் அச்சில் வருவதும் ஒத்திருக்க வேண்டும். வழக்கு என்று வந்தால் சம்மன் அவர் பெயருக்குத்தான் வரும். அதனால் போலீஸ், நிலத் தகராறு, சாதிப் பிரச்சினை சார்ந்த செய்திகளை அச்சுக்கு முன் போனில் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பிரஸ் சேவா தளத்தின் (இதழ் பதிவுக்கான அரசு இணையதளம்) கடவுச்சொல்லையும் வாங்கி வையுங்கள்.

அதைவிட முக்கியம் விளம்பர நோட்டு. கோர்ட் அறிவிப்பு வாய்தா தேதிக்கு முந்தைய இதழில் வந்தாக வேண்டும். தள்ளிப்போனால் அந்த விளம்பரத்தால் யாருக்கும் பயனில்லை. கோர்ட்டில் தாக்கல் செய்ய வக்கீல் பிரதி கேட்பார், தனியே எடுத்து வையுங்கள். நினைவஞ்சலியைப் பெரும்பாலும் போன வருட ஃபைலைத் திறந்துதான் செய்வார்கள். படம் மாறியிருக்கும், 'முதலாம் ஆண்டு' மாறாமல் நிற்கும். புரூஃபை வாட்ஸ்அப்பில் அனுப்பி, குடும்பத்தாரிடம் 'சரி' என்று எழுத்தில் வாங்கிய பிறகே பக்கத்தில் ஏற்றுங்கள். இனிஷியலைத் தனியாகப் பாருங்கள். ஒரே ஊரில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள்.

தபால் பதிவு உள்ள இதழ் என்றால், குறித்த நாளில் குறித்த அஞ்சலகத்தில் போட்டால்தான் சலுகைக் கட்டணம். அச்சகத்துக்குப் பக்கம் போகவேண்டிய நேரத்தை அந்த நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

அச்சுமை:
பக்கம் எதில் செய்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளும், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும் பாமினி எழுத்துருவும் என்றால், வாட்ஸ்அப்பில் வரும் யூனிகோட் செய்தியை மாற்றித்தான் ஒட்ட முடியும். ஆங்கில எழுத்தில் உள்ள மின்னஞ்சல் முகவரி, சுருக்கப் பெயர் எல்லாம் அந்த எழுத்துருவில் தமிழ் எழுத்துகளாகி உளறும். அவற்றுக்கு மட்டும் வேறு எழுத்துரு கொடுங்கள். மாற்றியபின் 'ஸ்ரீ', மேற்கோள் குறி இரண்டையும் கண்ணால் பாருங்கள்.

நிருபர்களைப் படத்தை வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், அப்போதுதான் தரம் குறையாது. செய்தித்தாளில் 10 செ.மீ. அகலப் படத்துக்கு 800 பிக்சல் போதும். காகிதம் மை உறிஞ்சும், அதனால் முகங்களைத் திரையில் சற்று வெளுப்பாகவே வையுங்கள். வண்ண அச்சுக்கு நிறத்துக்கு ஒன்றாக நாலு தகடு; எழுத்து கறுப்புத் தகட்டில் மட்டும் இருக்கட்டும். நாலு தகட்டிலும் விழுந்தால், தகடு கொஞ்சம் விலகினாலே எழுத்தைச் சுற்றி நிழலடிக்கும்.

மேசைவாசி:
நன்றி. போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்) வழக்கில் குழந்தையின் பெயரை விட்டுவிட்டு ஊர் பெயர் மட்டும் போடலாமா?

வட்டச்செய்தி:
கூடாது. அந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு முகவரி, பள்ளி, குடும்பம், அக்கம்பக்கம் என்று குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் தடுக்கிறது. இருநூறு வீடுள்ள கிராமத்தில் 'உறவினர் கைது' என்ற ஒரு வரியே போதும், எந்த வீடு என்று தெரிந்துவிடும். கைதானவரின் ஊர், உறவு இரண்டையும் எடுத்துவிட்டு, காவல் நிலையம் இருக்கும் பெரிய ஊரோடு நிறுத்துங்கள். அதே பிரிவின்படி ஊழியர் செய்த தவறுக்கு வெளியீட்டாளரும் சேர்ந்து பொறுப்பு. போலீஸ் செய்திக்குறிப்பில் விவரம் இருந்தாலும் நாம் அச்சிடக் கூடாது.