தக்காளியும் மிளகாயும் ஒரே சாம்பலாகிப் போன கதை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சந்தைப் பையைக் கொட்டியதும் படம் எடுக்கும் ஆசை வந்துவிட்டது. ஜன்னலோரம் ஒரு எவர்சில்வர் தட்டு, அதில் நாலு தக்காளி, ஒரு கைப்பிடி பச்சை மிளகாய், பின்னால் ஒரு கத்திரிக்காய். கலரில் பார்க்க அருமையாக இருந்தது. கருப்பு வெள்ளையில் இன்னும் எடுப்பாக இருக்கும் என்று நினைத்து போட்டோஷாப்பில் டீசாச்சுரேட் என்ற, நிறத்தை நீக்கும் கட்டளையைக் கொடுத்தேன், அவ்வளவுதான், தக்காளி எது மிளகாய் எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே சாம்பல். அம்மா எட்டிப் பார்த்து "என்னடா இது, உருளைக்கிழங்கா?" என்றார்.

ஏன் இப்படி ஆனது என்று தெரியாமல் விட மனம் வரவில்லை. தக்காளியில் ஒரு இடத்தில் கலர் எண்களைப் பார்த்தேன் (ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை போகும்): சிவப்பு 200, பச்சை 40, நீலம் 30. மிளகாயில் 100, 160, 50. அந்தக் கட்டளை செய்வது இவ்வளவுதான்: மூன்றில் பெரியதையும் சிறியதையும் கூட்டி இரண்டால் வகுக்கிறது. தக்காளிக்கு 115, மிளகாய்க்கு 105. அப்புறம் எப்படிப் பிரிந்து தெரியும்? நம் கண்ணுக்குப் பச்சை தூக்கலாகவும் நீலம் மங்கலாகவும் படும் என்பதைக் கணக்கில் வைத்து, சிவப்புக்கு 0.299, பச்சைக்கு 0.587, நீலத்துக்கு 0.114 என்று எடை போடும் வழியும் இருக்கிறது. கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில் டீசாச்சுரேட்டுக்குள் லூமா என்று இருப்பது அந்த வகைதான், எடைகள் மட்டும் கொஞ்சம் வேறு. நான் மேலே சொன்ன எடைகளைப் போட்டால் தக்காளி 87, மிளகாய் 130. அதே படம், அதே தட்டு!

அதன் பிறகு டீசாச்சுரேட் பக்கமே போகவில்லை. பிளாக் அண்ட் ஒயிட் அட்ஜஸ்ட்மென்ட் லேயரைப் போட்டு ஒவ்வொரு நிறத்தின் வெளிச்சத்தையும் அதற்கான ஸ்லைடரால் தனித்தனியாக நகர்த்தினேன். சிவப்பை ஏற்றினால் தக்காளி சுண்ணாம்பு உருண்டை மாதிரி வெளுத்தது, இறக்கினால் கருத்து, தோல் மேல் விழுந்த ஜன்னல் வெளிச்சம் மட்டும் பளிச்சென்று நின்றது. எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். மிளகாய்க்குப் பச்சை ஸ்லைடரை மட்டும் தள்ளியது போதவில்லை, மஞ்சளையும் தொட்டதும் துள்ளியது. நாம் பச்சை என்று சொல்லும் காய், இலை எல்லாவற்றிலும் பாதி மஞ்சள்தான் போல.

ஆசை விடாமல் சிவப்பை அடிமட்டத்துக்கு இறக்கியபோது தக்காளி விளிம்பில் வெள்ளைக் கோடும் உள்ளே திட்டுத் திட்டாகவும் வந்துவிட்டது. ஜேபெக்கில் எடுத்ததன் வினை. ஜேபெக் பெரும்பாலும் வெளிச்சத்தை முழுசாக வைத்துக்கொண்டு நிறத்தைப் பாதி அளவுக்குச் சுருக்கிவிடுகிறது, நாம் இழுப்பதோ அந்த நிறத்தை. மறுநாள் மிச்சமிருந்த தக்காளியை வைத்து ரா ஃபைலில், அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் ஃபைலில், திரும்ப எடுத்தேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

* * *

எனக்குச் செம்பருத்தியில் நடந்தது. கண்ணாடி டம்ளரில் ஒரு பூவை வைத்து எடுத்தேன். கருப்பு வெள்ளையாக்கிப் பார்த்தால் இதழில் ஒரு நரம்புகூட இல்லை, காகிதத்தில் வெட்டி ஒட்டியது மாதிரி இருந்தது. ஸ்லைடரை என்ன செய்தும் பலனில்லை. பிறகு சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனல்களையும் தனித்தனியாகத் திறந்து பார்த்தேன், சிவப்புச் சேனலில் பூ முழுக்க உச்சமான 255-இல் முட்டிக்கொண்டு நிற்கிறது. கேமரா பின்னாலிருக்கும் ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) எல்லாம் சரி என்றுதான் காட்டியது, அது மூன்று நிறத்தையும் சேர்த்து ஒரே மலையாகக் காட்டும் வகை. பச்சைச் சேனலை மட்டும் எடுத்துக்கொண்டேன், இருட்டாகத்தான் இருந்தது, ஆனால் நரம்பு, சுருக்கம், மகரந்தத் தண்டின் நிழல் எல்லாம் அதில் பத்திரமாக இருந்தன. கர்வ்ஸ் கருவியில் வெளிச்சத்தைக் கொஞ்சம் தூக்கியதும் படம் பிழைத்தது. இப்போதெல்லாம் சிவப்புப் பொருள் என்றால் ஒரு ஸ்டாப் குறைத்தே, அதாவது பாதி வெளிச்சத்தில், எடுக்கிறேன்.

* * *

பச்சைச் சேனல் என்றதும் ஞாபகம் வந்தது, நான் நீலத்தில் மாட்டிக்கொண்டேன். பாட்டி வீட்டுப் பித்தளைக் குத்துவிளக்கு, தேய்க்காமல் விட்டதில் கறுத்த கறை நிறைய. அந்தக் கறைதான் எனக்கு வேண்டும். மஞ்சள் பொருளில் நீலச் சேனல் கறையை அழுத்தமாகக் காட்டும் என்று தெரியும், மூன்று சேனல்களையும் வேண்டிய அளவில் கலக்கும் சேனல் மிக்ஸரில் மோனோக்ரோம் (கருப்பு வெள்ளை) டிக் போட்டு நீலத்தை 70 சதவீதத்துக்கு ஏற்றினேன். கறை வந்தது, கூடவே எறும்புப் புற்று மாதிரி நாய்ஸும், அதாவது புள்ளிப் புள்ளியான இரைச்சலும், வந்தது. எடுத்தது குண்டு பல்பு வெளிச்சத்தில். அந்த வெளிச்சத்தில் நீலம் ரொம்பக் குறைவு, வெள்ளையை வெள்ளையாகக் காட்ட நிறங்களைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸ் அதை வலுக்கட்டாயமாகத் தூக்குகிறது, போதாததற்கு சென்சாரிலும் பாதிப் புள்ளிகள் பச்சைக்கு, நீலத்துக்குக் கால்வாசிதான். பகலில் வாசல் திண்ணையில் வைத்துத் திரும்ப எடுத்தேன், அதே 70, ஒரு புள்ளி இல்லை.

* * *

எல்லோரும் ஸ்லைடரிலேயே நிற்கிறீர்களே! அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் 1930-இல் ஒரு குடைமிளகாயை எடுத்தார், தகரப் புனலுக்குள் வைத்து. புனலின் உட்பக்கத்தில் பட்டுத் திரும்பிய வெளிச்சம்தான் அந்த வளைவுகளை எல்லாம் எழுப்பிக் காட்டியது. அவரிடம் எந்த ஸ்லைடரும் இல்லை. நான் கேமராவை மோனோக்ரோமில் வைத்து, ரா ஃபைலாகவும் எடுக்கிறேன். திரையில் கருப்பு வெள்ளை தெரியும், ஃபைலில் கலர் அப்படியே இருக்கும். கலர் கண்ணை ஏமாற்றாததால் தக்காளியும் மிளகாயும் ஒட்டிப்போவது அங்கேயே தெரிந்துவிடும், ஒன்றை நகர்த்திவைத்தால் வேலை முடிந்தது. கம்ப்யூட்டரில் செலவழிக்கும் ஒரு மணி நேரத்தை ஜன்னல் திரையை இழுத்துப் பார்ப்பதில் செலவழியுங்கள் என்பேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

* * *

கோபமெல்லாம் இல்லை சார், தக்காளிக்காரன்தான் எழுதுகிறேன், நீங்கள் சொன்னபடி மோனோக்ரோமில் வைத்தே நேற்று எடுத்தேன். ஆனால் ஸ்லைடரையும் விடவில்லை. தட்டுக்குப் பின்னால் சுவர் கண்ணை உறுத்தியதால் அப்பாவின் கருநீலக் கைலியைத் தொங்கவிட்டேன். காய்களில் இல்லாத நிறம் என்பதால் லைட்ரூம் மென்பொருளில் நீலத்தை மட்டும் இறக்கினால் பின்னணி தனியாகக் கருத்துப்போகும், காய்கள் அசையாது என்பது கணக்கு. தக்காளியும் மிளகாயும் நிஜமாகவே அசையவில்லை. கத்திரிக்காயை மறந்துவிட்டேன். அது பளபளப்பான காய், கைலியின் நீலத்தை வாங்கித் தோலில் பூசிக்கொண்டு பின்னணியோடு சேர்ந்து காணாமல் போனது, காம்பு மட்டும் அந்தரத்தில் தொங்கியது. பர்ப்பிளை ஏற்றிப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் நரைத்தது.

கத்திரிக்காய் இல்லாமல் எடுத்ததை ஸ்டுடியோவில் பிரிண்ட் போடக் கொடுத்தேன். கலர் பேப்பரில் போட்டுத் தந்தார்கள், சாம்பல் எல்லாம் லேசாகப் பச்சை அடித்தது. திரும்பப் போய்ச் சொன்னால் "மிளகாய் பச்சையாத்தானே சார் இருக்கும்" என்கிறார் கவுண்டரில் இருந்தவர்.