தண்ணீர்ப் பாத்திரத்தைக் கடிகாரம் என்று சொல்லலாமா?

பல்சக்கரம்:
கடிகார வரலாறு என்று எதை எடுத்தாலும் நிழல் கம்பில் தொடங்கி, தண்ணீர்ப் பாத்திரம், மணற்குடுவை என்று வரிசை கட்டி, கடைசியில் இயந்திரக் கடிகாரத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். ஏதோ தாத்தா, அப்பா, பிள்ளை மாதிரி. மணற்குடுவைக்கு உறுதியான முதல் சான்று 1338இல் இத்தாலியின் சியனா நகரில் லொரென்செட்டி வரைந்த சுவரோவியம். அதற்குள் ஐரோப்பாவில் இயந்திரக் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது. வரிசையே தப்பு.

என் கட்சி இதுதான்: காலத்தைச் சம துண்டுகளாக வெட்டி எண்ணுவதுதான் கடிகாரம். தண்ணீர் வடிவது ஒரு ஓட்டம், அதில் எண்ண எதுவும் இல்லை. 1271இல் ராபர்ட்டஸ் ஆங்லிகஸ் என்ற வானியல் ஆசிரியர் எழுதும்போது, ஒரு நாளைக்குச் சரியாக ஒரு சுற்று சுற்றும் சக்கரத்தைச் செய்யக் கடிகாரக்காரர்கள் முயல்கிறார்கள், இன்னும் கைகூடவில்லை என்கிறார். 1283இல் இங்கிலாந்தில் டன்ஸ்டபிள் மடத்தில் ஒரு கடிகாரம் வைத்த குறிப்பு இருக்கிறது. கடிகாரம் பிறந்தது இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில். முன்னால் இருந்ததெல்லாம் வேறு சாமான்.

துளிநீர்:
டன்ஸ்டபிள் குறிப்பில் கடிகாரம் என்றுதான் இருக்கிறது. உள்ளே சக்கரமா தண்ணீரா என்று ஒரு வார்த்தை இல்லை. அதை உங்கள் கணக்கில் எழுதிக்கொண்டது நீங்கள்.

"வடிவது ஒரு ஓட்டம்" என்று அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது. எகிப்தில் கர்னாக் கோயிலில் கிடைத்த பாத்திரத்தைப் பாருங்கள். மன்னர் மூன்றாம் அமென்ஹோடெப் காலம், கி.மு. 14ஆம் நூற்றாண்டு. அடி குறுகி, வாய் அகன்று, சுவர் சாய்ந்திருக்கும். அடிப்பக்கத்தில் சின்னத் துளை. நீர்மட்டம் இறங்க இறங்க அழுத்தம் குறையும், தண்ணீர் மெதுவாக வடியும். நேர்ச்சுவராக இருந்தால் சம இடைவெளியில் குறி போட்டுப் பயனில்லை. சுவரைச் சாய்த்தால் கீழே போகப் போகப் பரப்பும் குறைகிறது, அதனால் மட்டம் ஏறக்குறைய ஒரே வேகத்தில் இறங்கும். உள்சுவரில் மாதத்துக்கு ஒன்றாக 12 வரிசைக் குறிகள். ஏனென்றால் இரவு நீண்டாலும் குறைந்தாலும் அதை 12 பங்காகத்தான் பிரித்தார்கள். இவ்வளவு யோசித்துச் செய்தவன் காலத்தை வெட்டி எண்ணவில்லையா? அப்புறம் அந்தக் குறிகள் எதற்கு?

பல்சக்கரம்:
யோசித்தான், மறுக்கவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். மட்டம் ஒரே சீராக இறங்க வேண்டுமானால் பாத்திரத்தின் ஆரம் உயரத்தின் நான்காம் மூலத்துக்கு ஏற்ப மாற வேண்டும். அது ஒரு வளைவு. நேராகச் சாய்ந்த சுவர் அதைத் தராது. போதாததற்கு, தண்ணீர் குளிர்ந்தால் மெதுவாகவும் சூடானால் வேகமாகவும் வடியும். இதை வைத்து எப்படித் துல்லியம்?

ஊசல்குண்டு:
துல்லியமா? சார், உங்கள் 13ஆம் நூற்றாண்டுச் சக்கரம் நாளைக்குக் கால் மணி நேரம் தப்பும். அதைச் சரிசெய்ய மறுநாள் போய்ப் பார்ப்பது சூரியக் கடிகாரத்தை!

இயந்திரக் கடிகாரத்தின் சக்கரத்தைப் பல் பல்லாக நிறுத்தி நிறுத்தி விடும் உறுப்புக்கு எஸ்கேப்மென்ட் என்று பெயர். அது எப்படி வேலை செய்கிறது என்று யாராவது சொல்ல வேண்டும் இங்கே. கயிற்றில் தொங்கும் எடை பற்சக்கரத்தை இழுக்கும். விட்டால் கடகடவென்று ஓடி முடிந்துவிடும். குறுக்கே ஒரு செங்குத்துத் தண்டு, அதில் இரண்டு தகடுகள். ஒரு பல் மேல் தகட்டைத் தள்ளித் தாண்டும், உடனே எதிர்ப்பக்கத்துப் பல் கீழ்த் தகட்டில் முட்டி நிற்கும். தண்டின் தலையில் ஃபோலியட் என்று ஒரு குறுக்குச் சட்டம், இரண்டு முனையிலும் நகர்த்தக்கூடிய எடைகள். அது இப்படியும் அப்படியுமாக ஆடும். அந்த ஆட்டத்துக்கென்று சொந்த வேகம் கிடையாது. எண்ணெய் கெட்டியானாலும் பல் தேய்ந்தாலும் வேகம் மாறிவிடும்.

சொந்த வேகம் உள்ளது ஊசல். 1656இல் டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் அதைக் கடிகாரத்தில் பூட்டியதும் பிழை நாளைக்கு 15 வினாடி அளவுக்கு இறங்கியது. துல்லியம்தான் அளவுகோல் என்றால் அதுதான் முதல் கடிகாரம், நீங்கள் இருவருமே தோற்றீர்கள்.

இரவுப்பறவை:
சீனாவை யாரும் எடுக்கவே இல்லையே. சு சொங் என்ற அரசு அதிகாரி 1090களில் அன்றைய தலைநகர் கைஃபெங்கில் கட்டி முடித்த கடிகாரக் கோபுரம் சுமார் 12 மீட்டர் உயரம். சக்கரத்தைச் சுற்றி 36 கிண்ணங்கள். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் நிரம்பினால்தான் தடை விலகும், சக்கரம் ஒரு படி நகரும், அடுத்த கிண்ணம் வந்து நிற்கும். பல்சக்கரம் கேட்ட "வெட்டி எண்ணுவது" இதிலேயே இருக்கிறது, அதுவும் ஐரோப்பாவுக்கு ஏறக்குறைய 200 வருஷம் முன்னால். அதற்கும் முன்னால், 725இலேயே யி சிங் என்ற பௌத்தத் துறவி இதே வழியில் ஒன்று செய்தார்.

பல்சக்கரம்:
சீன அறிவியல் வரலாற்றை எழுதிய ஜோசஃப் நீதம் சொன்ன வாதம்தான் இது. ஆனால் அந்தக் கோபுரத்தில் காலத்தைத் தீர்மானிப்பது கிண்ணம் நிரம்பும் நேரம், அதாவது மறுபடியும் தண்ணீர். சக்கரம் அதற்குப் பின்பாட்டு. 1127இல் வடக்கிலிருந்து வந்த ஜுர்ச்சென் இனத்தவரின் படை கைஃபெங்கைப் பிடித்து, கோபுரத்தைக் கழற்றி எடுத்துப் போனது. அதோடு சரி.

மற்றொன்று: பகல் நீண்டால் நீளும் மணி, சுருங்கினால் சுருங்கும் மணி. இந்தக் குழப்பத்தை ஒழித்துச் சம மணியைக் கொண்டுவந்தது இயந்திரம்தான்.

துளிநீர்:
இது சுத்தமாகத் தவறு. நம் நாட்டில் அடியில் துளையிட்ட செப்புக் கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அது மூழ்கும் நேரத்தை ஒரு நாழிகை என்று கொண்டார்கள். 24 நிமிடம், நாளுக்கு 60. கோடையோ குளிரோ, கிண்ணம் அதே கிண்ணம், நாழிகையும் அதே நாழிகை. சக்கரம் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்னாலேயே சம அளவு.

தலைகீழ் உதாரணமும் உண்டு. ஜப்பான்காரர்கள் ஐரோப்பியச் சக்கரத்தை வாங்கி, பகலுக்கு ஒன்று இரவுக்கு ஒன்று என்று இரண்டு ஃபோலியட் மாட்டி, நீண்டு சுருங்கும் மணியையே காட்ட வைத்தார்கள். 1873 வரை இப்படித்தான். இயந்திரம் யார் சொன்னாலும் கேட்கும். சம மணி வேண்டும் என்பது மனிதர்கள் எடுத்த முடிவு.

கோபுரத்தைக் கழற்றியதால் அது கடிகாரம் இல்லாமல் போய்விடுமா? நல்ல வாதம்!

இரவுப்பறவை:
இடையில் ஒரு தமாஷ். 1198இல் இங்கிலாந்தில் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடத்தில் தீப்பிடித்தபோது, தண்ணீருக்காகத் துறவிகளில் சிலர் கிணற்றுக்கும் சிலர் கடிகாரத்துக்கும் ஓடினார்கள் என்று அங்கேயே இருந்த துறவி ஜோசலின் எழுதி வைத்திருக்கிறார்.

துளிநீர்:
தமாஷ் இல்லை, அதுதான் சாட்சி. தீ தெரிய வந்ததே விடிகாலைப் பிரார்த்தனைக்கு அந்தக் கடிகாரம் எழுப்பியதால்தான். மடத்துத் தண்ணீர்க் கடிகாரங்களுக்கு மணியடிக்கும் உறுப்பு இருந்தது. பற்சக்கரம் ஒரு தண்டை இங்கும் அங்கும் தள்ள, சுத்தியல் மணியைத் தட்டும். எஸ்கேப்மென்ட்டே அதிலிருந்து வந்தது என்று ஒரு கருத்து உண்டு, எனக்கு அது பொருத்தமாகப் படுகிறது. நீங்கள் காட்டிய ராபர்ட்டஸ் 1271இல் "கடிகாரக்காரர்கள்" என்று யாரைச் சொன்னார்? சக்கரம் இன்னும் கைகூடாத நாளில் அவர்கள் எதைச் செய்து பிழைத்தார்கள்?

பல்சக்கரம்:
தண்ணீர்க் கடிகாரம் செய்துதான், சந்தேகமில்லை. அந்த உறுப்பிலிருந்து வந்ததாகவே இருக்கட்டும். எழுப்பும் மணி கொஞ்ச நேரம் தட்டிவிட்டு நிற்க வேண்டிய சாமான். அதை இரவும் பகலும் நிற்காமல் ஆடவிட்டு, அந்த ஆட்டத்தையே அளவாக வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியதுதான் புதுசு. நான் தேதி கேட்பது அதற்கு. 1386இல் செய்ததாகச் சொல்லப்படும் இங்கிலாந்தின் சாலிஸ்பரி தேவாலயக் கடிகாரத்துக்கு முகப்பே கிடையாது, முள்ளும் கிடையாது. மணி மட்டும் அடிக்கும். பாத்திரத்துக்குக் குறி வேண்டும், குறியைப் பார்க்க ஆள் வேண்டும். இதற்கு எடையை மேலே ஏற்றிவிட்டால் போதும்.

ஊசல்குண்டு:
ஏற்ற ஆள் வேண்டாமா? சாலிஸ்பரியில் அதற்குத் தினமும் ஒருவர் கைச்சக்கரத்தைச் சுற்ற வேண்டியிருந்தது.