டான்சில் எடுத்த பிறகு டிராமடாலா, பனடாலா?

உட்லண்ட்ஸ்வாசி:
தம்பிக்கு (26 வயது, 70 கிலோ) நேற்று டான்சில் எடுத்தாச்சு. பாரசிட்டமால் (பனடால்), ஐபுபுரோஃபென், டிராமடால் 50 மி.கி. மூன்றும் கொடுத்திருக்கிறார்கள். மூன்றிலும் "வலி இருந்தால்" என்றே லேபிள். வலுவான டிராமடாலை முதலில் கொடுக்கலாமா?

மருந்துமேசை:
வேண்டாம். முதலில் பாரசிட்டமாலும் ஐபுபுரோஃபெனும்தான். வேலை செய்யும் விதம் வேறு என்பதால் இரண்டையும் சேர்த்தே கொடுக்கலாம். பெரியவர்களுக்கு வழக்கமாக பாரசிட்டமால் 500 மி.கி. இரண்டு மாத்திரை, 6 மணி நேரத்துக்கு ஒருமுறை; ஒரு நாளில் 8 மாத்திரையைத் தாண்டக்கூடாது. ஐபுபுரோஃபென் 400 மி.கி., 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, கஞ்சி குடித்த பிறகு. மருத்துவமனைத் தாளில் வேறு அளவு இருந்தால் அதன்படி.

முதல் சில நாள் வலி வரும்வரை காத்திருக்காதீர்கள். வலித்தால் விழுங்க மாட்டார், விழுங்காவிட்டால் தொண்டை காய்ந்து இன்னும் வலிக்கும். மாத்திரை போட்டு அரை மணி கழித்துச் சாப்பாடு, தண்ணீர்.

இத்தனைக்கும் பிறகு தண்ணீரே இறங்கவில்லை என்றால்தான் டிராமடால். குமட்டல், தலைசுற்றல், மலச்சிக்கல் அதன் கூடவே வரும். புண்ணான தொண்டையோடு வாந்தி எடுப்பது கொடுமை.

இரவுப்பணி:
வீட்டில் அனாரெக்ஸ் (தசைவலி மாத்திரை) இருந்தால் கூடவே கொடுக்காமல் ஒதுக்கி வையுங்கள். அதிலும் 450 மி.கி. பாரசிட்டமால் உண்டு, சளிக்காய்ச்சல் மாத்திரைகள் பலவற்றிலும் அப்படித்தான்.

குறட்டை, தூக்கத்தில் மூச்சுத் தடை காரணமாக டான்சில் எடுத்திருந்தால் டிராமடாலுக்கு முன் வார்டில் கேளுங்கள், மூச்சை மந்தப்படுத்தும். மனச்சோர்வு மாத்திரை எடுப்பவர்களும், வலிப்பு வந்தவர்களும் அப்படியே. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, வலிமாத்திரையால் கிளம்பும் ஆஸ்துமா, டெங்கி சந்தேகம் இருந்தால் ஐபுபுரோஃபென் கூடாது.

உட்லண்ட்ஸ்வாசி:
நன்றி. மூணு நாளில் குறைஞ்சிடும்தானே? மீந்த டிராமடாலை வைத்துக்கொள்ளலாமா?

மருந்துமேசை:
மூன்றாம் நாளுக்குப் பிறகு கூடுவதுதான் வழக்கம். இரண்டு வாரம்வரைகூட இழுக்கும். காதும் வலிக்கும், தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பு என்பதால். 5 முதல் 10 நாளுக்குள் புண்மேல் படிந்த வெள்ளைப் படலம் உதிரும்போது ரத்தம் கசியலாம். புது ரத்தம் வந்தால் நிமிர்ந்து உட்கார்ந்து துப்பச் சொல்லி உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். நிற்காமல் வந்தால் ஆம்புலன்ஸுக்கு 995.

மீந்ததை வைக்காதீர்கள், முக்கியமாகப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில். கோடீனும் (வலி, இருமலுக்கான மருந்து) டிராமடாலும் சில உடம்பில் மிக வேகமாக வீரியம் கூடி மூச்சையே நிறுத்திவிடும். டான்சில் எடுத்த பிள்ளைகளுக்குக் கோடீன் கூடாதென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2013-லேயே எச்சரித்தது; 2017-ல் டிராமடாலையும் சேர்த்தது.

பீஷான்அக்கா:
மூக்குத்தண்டு நேராக்கும் அறுவைக்கும் இதே மருந்துகளா?

இரவுப்பணி:
அதில் வலியைவிட அடைப்புதான் தொல்லை. பலருக்குப் பாரசிட்டமாலே போதும். மூக்குச் சிந்தாதீங்க அக்கா.